பத்து அடி தூரத்துக்கு 4 மணி நேரமா?
வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் பைல் போக தாமதம் ஏன்? இன்டர்நெட் கட்டணத்தைக் கூட்டினால் தீருமா?

மும்பை சயான் கோலிவாடாவில் ஒரு சிறிய வீடு. முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர். சமையல் கட்டை ஒட்டிய அறையில் ஒரு லேப்டாப். இரண்டுக்கும் நடுவே பத்து அடி தூரம்தான்.

அந்தப் பத்து அடியைக் கடக்க ஒரு கல்யாண வீடியோவுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று!

நெல்லைச் சீமையில் இருந்து தோல் பதனிடும் வேலைக்கு மும்பை வந்த ஒருவரின் பிள்ளைகள், அண்ணன் - தம்பி இருவர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நடக்கும் நம்மவர் கல்யாணங்களுக்கு அண்ணன் வீடியோ எடுக்கிறார். அதை வெட்டி, ஒட்டி, பாட்டு சேர்த்துக் கொடுப்பது தம்பியின் வேலை.

கல்யாண மண்டபத்தில் கேமரா கார்டு நிறைய நிறைய, அதை லேப்டாப்பில் இறக்கிக் கொண்டு, கார்டைத் திரும்பப் பயன்படுத்துவார் அண்ணன். ஆகவே இரவு வீடு திரும்பும்போது கல்யாணம் முழுவதும் லேப்டாப்பில் இருக்கும். அது முன் அறையில் உள்ள பெரிய கம்ப்யூட்டருக்குப் போனால்தான் தம்பி வேலையைத் தொடங்க முடியும்.

கையை விட்டுப் போன பணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண்ணின் பாட்டி ஊரில் இருக்கிறார். படுத்த படுக்கை. கல்யாணத்துக்கு வர முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை தாதரில் ரெயில் ஏறுகிறோம். அதற்குள் தாலி கட்டும் வரைக்குமாவது வெட்டிக் கொடுத்து விடுங்கள். ஆத்தா கண்ணில் காட்ட வேண்டும்" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அண்ணனும் தலையை ஆட்டி விட்டார்.

மொத்தம் 60 ஜி.பி. அளவுள்ள பைல்கள். ராத்திரி 11 மணிக்கு 'காப்பி' போட்டு விட்டுப் படுத்தார்கள். திரையில் 'விநாடிக்கு 4 மெகாபைட்' என்று காட்டியது. கணக்குப் போட்டால் 4 மணி 10 நிமிடம்.

அதிகாலையில் எழுந்து பார்த்தால், வை-பை நடுவில் அறுந்து, காப்பி பாதியில் நின்றிருந்தது. மீண்டும் முதலில் இருந்து! திங்கட்கிழமை பகல் இதிலேயே கழிந்தது. செவ்வாய்க்கிழமை ரெயில் போய் விட்டது. வீடியோ போகவில்லை.

பேசிய தொகையில் மீதியை, "வீடியோ வந்த பிறகு பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்து விட்டார்கள் பெண் வீட்டார். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

முதல் தவறு

சகோதரர்கள் என்ன செய்தார்கள்? கேபிள்காரரைக் கூப்பிட்டார்கள். "உங்கள் பிளான் 40 எம்.பி.தானே? 200-க்கு மாறுங்கள். பறக்கும்!" என்றார் அவர். மாறினார்கள். மாதக் கட்டணம் ஏறியது. செல்போனில் சினிமா நன்றாக ஓடியது.

ஆனால், லேப்டாப்பில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் பைல் மட்டும் அதே விநாடிக்கு 4 மெகாபைட்!

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கேபிள்காரருக்குக் கட்டும் பணம், வெளியே இருந்து வீட்டு வாசல் வரை வரும் இன்டர்நெட்டுக்கு. வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகும் பைல், வாசலைத் தாண்டுவதே இல்லை. லேப்டாப்பில் கிளம்பி, சுவரில் மாட்டியிருக்கும் ரூட்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்புகிறது. இன்டர்நெட்டை அடியோடு நிறுத்தி விட்டாலும் அது போகும்.

தாதர் ஸ்டேஷனில் இருந்து எத்தனை வேகமான ரெயில் விட்டாலும், வீட்டுக்குள் முன் அறையில் இருந்து சமையல் கட்டுக்குப் போகிற நேரம் குறையுமா? அது போலத்தான்.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

அடுத்த வீட்டில் ஓர் அண்ணாச்சி. ஒரு தனியார் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்குள்ள கம்ப்யூட்டர்களுக்கு வயர் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். சகோதரர்கள் அவரிடம் போனார்கள்.

"அண்ணாச்சி, 200-க்கு பணம் கட்டியும் 4-தான் காட்டுது."

"ஏலே, முதல்ல பிட்டு எது, பைட்டு எதுன்னு தெரிஞ்சிக்கோ" என்று சிரித்தார் அவர்.

விற்பவர் சொல்வது 'மெகாபிட்' கணக்கு. காப்பி போடும்போது கம்ப்யூட்டர் காட்டுவது 'மெகாபைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்றால், விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். வழிச் செலவு போகக் கையில் கிடைப்பது 11 மெகாபைட் அளவில் இருக்கும். 1,000 மெகாபிட்டை 'ஒரு கிகாபிட்' என்பார்கள். அதில் சுமார் 110 மெகாபைட் கிடைக்கும்.

அதே 60 ஜி.பி. கல்யாண வீடியோவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

விநாடிக்கு 4 மெகாபைட் போனால் 4 மணி 10 நிமிடம்.

11 மெகாபைட் போனால் 1 மணி 31 நிமிடம்.

110 மெகாபைட் போனால் 9 நிமிடம் சொச்சம்!

குறுகிய படிக்கட்டு எங்கே?

இரண்டு பிளாட்பாரமும் அகலமாக இருக்கலாம். நடுவில் உள்ள பாலத்தின் படிக்கட்டு குறுகலாக இருந்தால், கூட்டம் அந்தப் படிக்கட்டின் வேகத்தில்தான் நகரும். பைல் போகும் பாதையும் அப்படியே.

லேப்டாப்பின் டிஸ்க், லேப்டாப்பின் நெட்வொர்க், வழியில் உள்ள வயர் அல்லது காற்று, ரூட்டர், எதிர் முனைக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க், அதன் டிஸ்க் என்று ஆறு கட்டம். இதில் எது மெதுவோ, அதுதான் மொத்த வேகம். மற்ற ஐந்தையும் எத்தனை பணம் கொட்டி உயர்த்தினாலும் பயன் இல்லை.

"எதையும் வாங்காதே. ஒவ்வொரு கட்டமா பாரு. எங்க நிக்குதோ, அதை மட்டும் மாத்து" என்றார் அண்ணாச்சி.

வை-பை ஒற்றை ரெயில் பாதை

முதல் கட்டம் வை-பை.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரெயில்கள் ஒன்றுக்கு ஒன்று காத்திருக்க வேண்டும் அல்லவா? வை-பையும் அத்தகையதுதான். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

லேப்டாப், கம்ப்யூட்டர் இரண்டும் வை-பையில் இருந்தால் சங்கடம் இரட்டிப்பு. லேப்டாப் அனுப்பும் பைல், காற்று வழியாக ரூட்டருக்கு ஒரு முறை போகிறது. அதே பைல், அதே காற்று வழியாக ரூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு இன்னொரு முறை வருகிறது. ஒரே பாதையில் இரண்டு பயணம். வேகம் ஏறக்குறைய பாதி ஆகி விடுகிறது.

போதாததற்கு, சுவரோடு சுவர் ஒட்டிய நம் குடியிருப்புகள். மேலே, கீழே, பக்கத்தில் எல்லாம் வை-பை. பழைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. அதில் ஒன்றோடு ஒன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அந்த மூன்றில் அத்தனை வீடும் நெருக்கியடிக்க வேண்டும்!

புதிய ரூட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு. (ரூட்டர் பெயரோடு '5ஜி' என்று காட்டுவது இதுதான். செல்போன் 5ஜி வேறு.) அதில் இடம் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் துளைக்கும் சக்தி குறைவு. ஒரே அறையில் இருந்தால் நல்லது.

ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைப்பது பெருந்தவறு. இரும்பு, வை-பை அலையைத் தடுத்து விடும். சகோதரர்கள் வீட்டில் ரூட்டர் இருந்த இடம் அதுதான்!

அண்ணாச்சி முதலில் பெரிய கம்ப்யூட்டரை மட்டும் வயர் மூலம் ரூட்டரோடு சேர்த்தார். 4 மெகாபைட், 7 ஆயிற்று. காற்றில் ஒரு பயணம் மிச்சம் அல்லவா?

வயர் போட்டும் 11!

பிறகு லேப்டாப்புக்கும் வயர். இப்போது 11 மெகாபைட். காப்பி நடுவில் அறுந்து போகவும் இல்லை.

ஆனால், 11-க்கு மேல் அசையவில்லை. ஏன்?

11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லி விடும். எங்கோ ஒரு கட்டம் 100 மெகாபிட்டில் நிற்கிறது என்று பொருள். ரூட்டரைத் திருப்பிப் பார்த்தார்கள். அதில் உள்ள வயர் துளைகள் 100 மெகாபிட் வகை. விலை மலிவான ரூட்டர்கள் பலவற்றில் இப்படித்தான். வை-பை வேகத்தைப் பெட்டியில் பெரிதாக அச்சிடுவார்கள். வயர் துளையின் வேகம் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

இதற்கு வழி என்ன? 'கிகாபிட் சுவிட்ச்' என்று ஒரு சிறு பெட்டி. ஐந்து துளை உள்ளதே வீட்டுக்குப் போதும். இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்து, அதிலிருந்து ஒரு வயரை ரூட்டருக்குக் கொடுத்து விட்டால், பைல்கள் சுவிட்ச் வழியாகவே போய் வரும். ரூட்டர் பக்கம் எட்டிப் பார்க்கவே பார்க்காது. இது ஒரு தடவைச் செலவு. மாதா மாதம் கட்ட வேண்டியது இல்லை.

அதற்கும் கையில் காசு இல்லையா? ஒரே ஒரு வயரை லேப்டாப்பில் இருந்து கம்ப்யூட்டருக்கு நேராகச் செருகி விடலாம். இரண்டிலும் கிகாபிட் துளை இருந்தால், சாதாரண வயரே போதும். சற்று நேரத்தில் இரண்டும் தமக்குள் தற்காலிக முகவரி வைத்துக் கொண்டு பேசத் தொடங்கி விடும்.

சகோதரர்கள் சுவிட்ச் வாங்கினார்கள். செருகினார்கள். பார்த்தால், அதே 11!

எட்டில் ஒன்று அறுந்தாலும்...

தம்பிக்கு அழுகையே வந்து விட்டது. அண்ணாச்சி வயரின் முனையைக் கையில் எடுத்தார்.

நெட்வொர்க் வயருக்குள் எட்டு கம்பிகள் உண்டு. இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, முனையில் உள்ள கண்ணாடிக் கிளிப்பில் சரியாக உட்காராமல் போனாலோ, கம்ப்யூட்டர் எச்சரிக்கை எதுவும் செய்யாது. பல நேரம் சத்தம் இல்லாமல் 100-க்கு இறங்கி விடும். இன்டர்நெட் வழக்கம் போல் வேலை செய்யும். பழுது யாருக்கும் தெரியாது!

சகோதரர்கள் பயன்படுத்தியது, பரணில் கிடந்த பழைய வயர். கதவு இடுக்கில் நசுங்கியது.

வயரின் மேல் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100 மீட்டர் தூரம் வரை கிகாபிட் வேகம் தாங்கும். கடையில் முனை போட்டே விற்கும் வயரை வாங்குவது நல்லது.

வேகம் என்ன என்று நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', அதில் 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்', அதில் 'ஈதர்நெட்' போனால், 'லிங்க் ஸ்பீடு' என்று இருக்கும். 1000 என்று காட்டினால் சரி. 100 என்று காட்டினால் வயர், துளை, சுவிட்ச் மூன்றில் ஒன்றில் கோளாறு.

புது வயர் வந்தது. செருகியதும் முள் 110-க்குத் தாவியது!

வயரில் கம்ப்யூட்டர்களைப் பேச வைக்கும் இந்த 'ஈதர்நெட்' முறை 1973-ம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. பாப் மெட்காப் என்பவர் அதற்கு வித்திட்டார். அப்போது அதன் வேகம் 3 மெகாபிட்டுக்கும் சற்று குறைவு. செம்புக் கம்பியில் கிகாபிட் வேகத்துக்கான விதிமுறை 1999-ம் ஆண்டு வந்தது. மெட்காபுக்கு 2022-ம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. ஆக, கிகாபிட் நேற்று வந்த புதுமை அல்ல. கால் நூற்றாண்டு கடந்த சரக்கு. நம் வீட்டு மலிவு ரூட்டர்தான் பின்தங்கி நிற்கிறது.

110, பிறகு 90

முள் சற்று நேரத்தில் 90-க்கு இறங்கி, அங்கேயே நின்றது. இது பழுது அல்ல.

வருகிற பைலை கம்ப்யூட்டர் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக் கொள்ளும். அது நிறைந்ததும், டிஸ்க் எழுதும் வேகத்துக்குத் தக்கபடிதான் மேற்கொண்டு வாங்கும். சுழலும் வகைப் பழைய ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டித்தான் எழுதும். இப்போது குறுகிய படிக்கட்டு அந்த டிஸ்க். 'எஸ்.எஸ்.டி.' வகை டிஸ்க் இதைவிடப் பல மடங்கு வேகம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, 'பெர்பார்மன்ஸ்' பக்கம் போனால், டிஸ்க் 100 சதவீதம் திணறுகிறதா என்று தெரியும்.

ஒல்லியான லேப்டாப்களில் வயர் துளையே இருக்காது. யு.எஸ்.பி.யில் செருகும் ஒட்டுத் துளை வாங்க வேண்டும். அது 'யு.எஸ்.பி. 3' கிகாபிட் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய யு.எஸ்.பி. 2-ன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான்.

ஒரு வேகன், பத்தாயிரம் பொட்டலம்

பெரிய வீடியோ விரைவாகப் போகிறது. ஆனால் பத்தாயிரம் போட்டோக்கள் உள்ள போல்டர் மட்டும் ஊர்ந்து போகிறதே, ஏன்?

பார்சல் ஆபீசில் ஒரு வேகன் சரக்கை ஒரே ரசீதில் ஏற்றி விடலாம். அதே எடையுள்ள சரக்கைப் பத்தாயிரம் பொட்டலமாகக் கொண்டு வந்தால்? ஒவ்வொன்றுக்கும் எடை, பதிவு, ரசீது! பைல்களும் அப்படித்தான். ஒவ்வொரு பைலுக்கும் பெயர் எழுதி, இடம் ஒதுக்கி, முடிந்தது என்று பதில் வாங்க வேண்டும். வைரஸ் தடுப்பு புரோகிராமும் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும்.

வழி: போல்டரை 'ஜிப்' செய்து ஒரே மூட்டையாக அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்துக் கொள்ளலாம். போட்டோவும் வீடியோவும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்வதால் அளவு குறையாது. மூட்டை கட்டுவதில்தான் லாபம்.

மறக்கக் கூடாதவை

வேகத்தை விட முக்கியமானது பத்திரம். இவற்றை மனதில் கொள்ளுங்கள்:

'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யாதீர்கள். 'காப்பி' செய்யுங்கள். மின்சாரம் போனாலும் மூலப் பிரதி தப்பும்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் பைல் எண்ணிக்கை, அளவு சரியா என்று ஒப்பிடுங்கள். இரண்டொரு வீடியோவைத் திறந்து பாருங்கள். பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும்.

முழு டிஸ்க்கையும் பொதுவாக்கி விடாதீர்கள். ஒரு போல்டரை மட்டும், பாஸ்வேர்டோடு பொதுவாக்குங்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஒத்துழைக்க மறுத்தால், 'எஸ்.எம்.பி. 1' என்ற பழைய முறையைத் திறந்து விடச் சொல்லி யாராவது யோசனை கூறுவார்கள். வேண்டாம். 2017-ம் ஆண்டு மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாகிரை' வைரஸ் பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

எப்போதோ ஒரு முறைதான் பைல் மாற்ற வேண்டும் என்றால், இத்தனை ஏற்பாடும் தேவை இல்லை. யு.எஸ்.பி. 3 வகை வெளி டிஸ்க்கில் போட்டுக் கையில் எடுத்துப் போவதே சுலபம். மலிவான பென் டிரைவை நம்ப வேண்டாம். எழுதும்போது வை-பையை விட மெதுவாகப் போகும் பென் டிரைவ்களும் உண்டு.

அடுத்த கல்யாணம்

சகோதரர்கள் 200 பிளானைக் குறைத்துப் பழையபடி 40-க்கே வந்து விட்டார்கள். அவர்கள் கடைசியில் செய்த செலவு ஒரு சுவிட்ச், இரண்டு வயர். ரூட்டர், பீரோவுக்குப் பின்னால் இருந்து முன்னால் வந்து விட்டது.

அடுத்த மாதம் தாராவியில் ஒரு கல்யாணம். அதே 60 ஜி.பி. அளவு. ராத்திரி 11 மணிக்கு 'காப்பி' போட்டார்கள். 11 நிமிடத்தில் முடிந்தது. எண்ணிச் சரி பார்த்து விட்டு, தம்பி அப்போதே வேலையில் உட்கார்ந்தார். விடிவதற்குள் தாலி கட்டும் வரை தயார்.

மறுநாள் தாதர் ஸ்டேஷனில் ரெயில் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஜன்னல் வழியாகப் பென் டிரைவை நீட்டினார் அண்ணன். பேசிய தொகையில் மீதி, அதே ஜன்னல் வழியாகக் கைக்கு வந்தது.

முதல் கல்யாணத்துப் பாட்டிக்கும் வீடியோ போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம் அவர். அந்த மீதித் தொகையை இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்து விட்டார்கள் சகோதரர்கள்.